மஞ்சளை விட்டுவிடாதே

விழுப்புரம்
15.6.2025, ஞாயிறு

அண்ணாவுக்கு,

நீ குடிமறுவாழ்வு இல்லத்துக்குப் போய் இன்றோடு பதினான்கு நாள். போன் தர மாட்டோம், கடிதம் மட்டும் வரலாம், போகலாம் என்று சேர்த்த அன்றே சொன்னார்கள். இ-சேவை மையத்தில் தினமும் நாற்பது மனு தட்டச்சு செய்கிறேன். எல்லாம் "ஐயா, வணக்கம்" என்று தொடங்கும். உனக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு நாள் போய்விட்டது.

உன் கோபம் எனக்குத் தெரியும். வண்டியில் ஏற்றும்போது உன்னைப் பிடித்திருந்த நாலு பேரையும் நீ திட்டவில்லை. என்னைப் பார்த்து, "கையெழுத்து போடறதுக்குத்தான் உன்ன படிக்க வெச்சனா?" என்று கேட்டாய். அந்தப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயர்: வல்லரசு. வயது: 31. பொறுப்பாளர்: இளவரசி. உறவு: தங்கை. எத்தனையோ பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், ஒரு கட்டத்தை அடித்துத் திருத்தி எழுதியது அன்றைக்கு மட்டும்தான். கையெழுத்து போட்டது தப்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை. ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்.

எங்கள் மையத்துக்கு மேல்மாடியில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு வாசகர் வட்டம் கூடும். இரண்டு வருடமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்திருக்கிறேன். போன தடவை, அதை நடத்தும் ஜெயம் அக்கா, "இளவரசி, செப்டம்பர்ல நீதான் பேசுற" என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நோட்டில் ஏறிவிட்டது. தலைப்பு, பௌத்தம் சொல்லும் விடுதலையின் நான்கு படிகளும் ரசவாதிகள் சொன்ன நான்கு நிறங்களும்.

ரசவாதம் என்றால் மட்டமான உலோகத்தைத் தங்கமாக்கப் பார்ப்பது. மேற்கு நாடுகளில் அப்படி முயன்றவர்களில் சிலர், 'நாங்கள் சொல்லும் உலோகம் வெளியே இல்லை, மனிதனுக்குள்ளே இருக்கிறது' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வேலை நடக்கும்போது நான்கு நிறம் வரும் என்கிறார்கள். முதலில் கருப்பு, அப்புறம் வெள்ளை, மஞ்சள், கடைசியில் சிவப்பு. பௌத்தத்திலும் நான்கு பேர்: ஓடையில் இறங்கியவர், ஒருமுறை திரும்புபவர், திரும்பாதவர், அரகந்தர். அரகந்தர் என்றால் முழுக்க விடுபட்டவர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட மட்டமான உலோகம் பெரும்பாலும் ஈயம். ஈயத்தைக் கொதிக்க வைத்தால் கருப்பாகிவிடும் என்று ஒரு குறிப்பில் படித்தேன். நீ பன்னிரண்டு வருடம் பழைய பேட்டரித் தட்டுகளை உருக்கியவன். இது சரியா?

அம்மா காணைப் பக்கம் கரும்புக்குக் களை எடுக்கப் போகிறாள். உனக்கு ஏழரைச் சனி, அது முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ரசவாதிகளும் ஈயத்தைச் சனியின் உலோகம் என்றுதான் சொன்னார்களாம். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

இளவரசி


திண்டிவனம்
22.6.2025

இளவரசிக்கு,

ஈயம் கொதிக்காது. உருகும். கொதிக்கிற வரைக்கும் சூடு ஏற்றினவன் அந்தக் குறிப்பை எழுத உயிரோடு இருந்திருக்க மாட்டான்.

ஈயம் கருப்பாகவும் ஆகாது. மேலே கசடு மிதக்கும், அதுதான் கருப்பு. கரண்டியால் ஒதுக்கினால் அடியில் வெள்ளி மாதிரி இருக்கும்.

வேறு எழுத ஒன்றும் இல்லை. சோறு பரவாயில்லை.

வல்லரசு

இல்லத்துக் கவுன்சிலர் மாசிலாமணி சார் எல்லாக் கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் தருவார். வீட்டு விஷயம் எழுதாதே.


விழுப்புரம்
29.6.2025

அண்ணாவுக்கு,

உன் கடிதம் ஏழு வரி. நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் மாசிலாமணி சார் சிரிப்பார். (சார், வணக்கம்.)

'ஈயம் கருப்பாகாது, கசடுதான் கருப்பு.' நான் மூன்று வாரமாகப் படித்த குறிப்புகளில் இல்லாதது இது. கருப்பு என்பது அழுகல், சாவு, எல்லாம் முடிந்துபோன நிலை என்று ரசவாதிகள் பக்கம் பக்கமாகப் பயமுறுத்துகிறார்கள். நீ ஒரே வரியில், அது உலோகத்தின் குணமே இல்லை, சூடு பட்டதும் மேலே வந்த அழுக்கு என்று சொல்லிவிட்டாய்.

பௌத்தத்தில் முதல் படியும் இதுபோலத்தான் இருக்கிறது. மனிதனைப் பத்து தளைகள் கட்டியிருக்கின்றன, ஒவ்வொரு படியிலும் சில அறுகின்றன என்கிறார்கள். ஓடையில் இறங்கியவருக்கு மூன்று அறும். 'நான் இப்படிப்பட்டவன்' என்ற முடிவு, வழியைப் பற்றிய சந்தேகம், சடங்கு காப்பாற்றிவிடும் என்ற பிடிப்பு. அவர் கெட்டவராக இருந்து நல்லவராக மாறினார் என்று எங்கேயும் சொல்லவில்லை. தன் கசடைத் தான் என்று நினைப்பது நின்றுபோகிறது, அவ்வளவுதான்.

அவர் அதற்குப் பிறகும் பிறப்பார். ஆனால் அதிகம் போனால் ஏழு தடவை. ஓடையில் இறங்கிவிட்டதால் கடலுக்குப் போகாமல் இருக்க முடியாதாம்.

ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதினார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கூட்டத்தில் அதை ஒப்புக்கொண்டுவிடுவேன். ஆனாலும், எங்கோ ஒருத்தர் உலையின் முன்னாலும், எங்கோ ஒருத்தர் மரத்தடியிலும் உட்கார்ந்து, மனிதன் ஒரே தாவலில் மாறிவிட மாட்டான், நான்கு கட்டம் வேண்டும் என்று பொறுமையாக எண்ணியிருக்கிறார்களே, அதை நினைத்தால் வேலைக்கு நடுவில் கை நின்றுவிடுகிறது. ஜாதிச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு அம்மா, "இன்னாமா, நெட்டு போச்சா?" என்று கேட்டார்.

அடுத்தது வெள்ளை. அடியில் வெள்ளி மாதிரி இருக்கும் என்றாயே, அதைப் பற்றி எழுது.

இளவரசி


திண்டிவனம்
8.7.2025

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை மாசிலாமணி சார் படிச்சிட்டு, "இது கடிதமா, பரீட்சையா?" என்று கேட்டார். அப்புறம் அவரே, "அந்த ஏழு தடவை விஷயத்தை குரூப்ல படிச்சுக் காட்டலாமா?" என்றார். சரி என்றேன். பக்கத்துக் கட்டிலில் விருத்தாசலம் என்று ஒரு பெரியவர், பஸ் கண்டக்டராக இருந்தவர். இந்த இல்லத்துக்கு இது ஆறாவது தடவை. அவர் எழுந்து, "அப்ப எனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது, கவர்மெண்டே குடுத்த சான்ஸ் மாதிரி" என்றார். சிரித்து முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு. இங்கே வந்து நான் சிரிச்சது அன்னைக்குத்தான்.

வெள்ளை. கசடை ஒதுக்கினதும் முகம் பார்க்கலாம். அப்படி ஒரு பளபளப்பு. ஆனால் நிற்காது. நீ கரண்டியைக் கீழே வைக்கிறதுக்குள் காற்று பட்டு ஆடை கட்டும். மறுபடி ஒதுக்கணும். மறுபடி கட்டும். புதுசா வேலைக்கு வர்றவன் முதல் வெள்ளையைப் பார்த்துட்டு வேலை முடிஞ்சதுன்னு ஊற்றிடுவான். அந்த வார்ப்பு உடைஞ்சிடும். கொஞ்சம் மெழுகு போட்டுக் கிளறி, திரும்பத் திரும்ப ஒதுக்கணும். ஒதுக்கின கசடையும் தூக்கிப் போடக் கூடாது. அதிலேயும் பாதி ஈயம் இருக்கும்.

இன்னொன்று. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். எனக்கு ரத்தத்தில் ஈயம் இருக்குதாம், இருக்க வேண்டிய அளவை விட ரொம்ப அதிகமாம். வயிற்று வலி, கை நடுக்கம் எல்லாம் சரக்கால மட்டும் வந்தது இல்லையாம். மாத்திரை தர்றாங்க. அம்மாவிடம் சொல்லாதே.

வல்லரசு


விழுப்புரம்
15.7.2025

அண்ணா,

'உலோகம் வெளியே இல்லை, மனிதனுக்குள்ளே இருக்கிறது' என்ற வரியை நான் உவமை என்று நினைத்திருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்று மையத்தில் சர்வர் கோளாறு என்று பலகை மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். நான் பத்தாவது படித்தபோது, பட்டறையிலிருந்து வந்ததும் நீ மூன்று தடவை கை கழுவுவாய். அதற்குப் பிறகுதான் என் நோட்டைத் தொட்டு, படித்தேனா என்று பார்ப்பாய். அப்படியும் அட்டையில் சாம்பல் நிறத்தில் உன் கட்டைவிரல் விழும். பி.ஏ. வரலாறு முடிக்கிற வரைக்கும் என் எல்லா நோட்டிலும் அது உண்டு. வகுப்பில் அதை நான் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தேன். இதை இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை.

வெள்ளை நிற்காது என்று எழுதியது இரண்டாவது படிக்கு அப்படியே பொருந்துகிறது. ஒருமுறை திரும்புபவருக்குப் புதிதாக எந்தத் தளையும் அறுவதில்லை. ஆசையும் கோபமும் மெலிகின்றன, அவ்வளவுதான். போகவில்லை, மெலிகின்றன. அதனால்தான் அவர் இன்னும் ஒரு தடவை இங்கே வர வேண்டியிருக்கிறது. எதுவும் அறாத ஒன்றைத் தனிப் படி என்று ஏன் வைத்தார்கள் என்று குழம்பிக்கொண்டிருந்தேன். ஆடையைத் திரும்பத் திரும்ப ஒதுக்குகிற வேலைக்கே ஒரு படி வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

மூன்றாவதில்தான் சிக்கல். பிற்காலத்து ரசவாதிகள் பலர் மஞ்சளை விட்டுவிட்டார்கள். கருப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கும் அதில் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. நானும் அதைச் சுருக்கிக்கொண்டு சிவப்புக்குப் போய்விடலாமா என்று பார்க்கிறேன்.

ஆகஸ்ட் முதல் தேதி, வெள்ளிக்கிழமை, ஊரில் கூழ் ஊற்றுகிறார்கள். உனக்கு இரண்டு நாள் விடுப்பு கிடைக்கும் என்று மாசிலாமணி சார் போனில் சொன்னார். அம்மா கேப்பை அரைத்து வைத்துவிட்டாள். நானும் லீவு போட்டிருக்கிறேன்.

இளவரசி


திண்டிவனம்
24.7.2025

பாப்பா,

மஞ்சளை விட்டுவிடாதே. விட்டவங்க எல்லாம் புத்தகத்தைப் பார்த்து எழுதினவங்களா இருக்கும்.

நீ ஆறாவது படிக்கும்போது நான் ஆறு மாசம் புதுச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தேனே, அது இந்த வேலைதான். பேட்டரித் தட்டுக்குப் பூசுகிற சிவப்புப் பொடி செய்யற இடம். ஈயத்தைக் காற்றோடு காய்ச்சினால் மஞ்சள் பொடியாகும். நம்ம ஊர் மஞ்சள் மாதிரி இல்லை, வெளிறின மஞ்சள். அதைச் சூளையில் பரப்பி, நீளமான கம்பியால் கிளறிக்கினே இருக்கணும். சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. காலை ஷிப்டில் ஆரம்பிச்சா அந்த ஷிப்ட் முழுக்க மஞ்சளாவேதான் இருக்கும். ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். சிவப்பை அடுத்த ஷிப்ட்காரன்தான் பார்ப்பான். நான் பெரும்பாலும் மஞ்சளைத்தான் பார்த்தேன். ஆனால் நான் கிளறாம அவனுக்குச் சிவக்காது.

இதை எழுதிக்கோ.

வெள்ளிக்கிழமை வர்றேன். கூழுக்குப் பச்சை வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் இருக்கணும்னு அம்மாகிட்ட சொல்லு.

அண்ணன்


விழுப்புரம்
4.8.2025

அண்ணாவுக்கு,

நீ வரவில்லை.

அம்மா ஒரு சொம்பு கூழை எடுத்து மூடி வைத்திருந்தாள். யார் கேட்டும் தரவில்லை. மறுநாள் மதியம் அது நுரைத்துப் பொங்கித் தரையில் வழிந்தது. துடைத்தது நான்தான். அதற்குப் பிறகுதான் மாசிலாமணி சார் போன் செய்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைச் சுவரோரம் உன்னைப் பார்த்துத் தூக்கி வந்ததாகச் சொன்னார். சிகிச்சையின் தொண்ணூறு நாளும் மறுபடி முதலிலிருந்தாம்.

நான் ஜெயம் அக்காவிடம் போய், உன் கடிதங்களைப் பற்றி எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருந்தேன் தெரியுமா?

இனி ஈயத்தைப் பற்றி எழுத வேண்டாம். எனக்குத் தேவையானது வந்துவிட்டது.

இளவரசி


திண்டிவனம்
13.8.2025

இளவரசிக்கு,

நீ ஈயத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். எனக்கு வேறு எதைப் பற்றியும் எழுதத் தெரியாது. அதனால் இதையும் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கு.

ஈயம் உருக்கினால் நாக்கில் ஒரு இனிப்பு நிற்கும். துப்பினாலும் போகாது, தண்ணி குடித்தாலும் போகாது. அந்த இனிப்பை அறுக்கத்தான் நான் முதல் முதலில் குடிச்சேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் சிரிப்பாங்க.

அன்னைக்கு விழுப்புரம் பஸ் ரொம்பக் கூட்டமா இருந்தது. அடுத்ததில் போகலாம்னு நின்றேன். ஸ்டாண்டை ஒட்டி ஒரு பேட்டரிக் கடை. உள்ளே உருக்கிக்கினு இருந்தான். வாசனை வந்தது, நாக்கு இனிச்சது. அவ்வளவுதான் தெரியும்.

சிவப்புப் பொடி பற்றி ஒன்று எழுதாமல் விட்டேன். சிவந்து முடிஞ்ச பொடிக்கும் சூடு அதிகமாயிட்டா திரும்ப மஞ்சளாயிடும். ஒரு தடவை சூப்பர்வைசர் அவசரத்தில் நெருப்பை ஏற்றிட்டார். என் கண்ணெதிரிலேயே சிவப்பு வெளிறிப் போச்சு. நான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். கூட இருந்தவர், "கெடலடா, சூட்ட கொற, மறுபடி கிளறு" என்றார்.

மறுபடி கிளறிக்கினு இருக்கேன். அதைச் சொல்லத்தான் எழுதினேன். நீ பதில் எழுத வேண்டியதில்லை.

விருத்தாசலம் பெரியவர் என்னைப் பார்த்து, "வா தம்பி, எனக்கு பாக்கி இருக்கற அந்த ஒண்ண உனக்கு தந்துர்றேன்" என்றார்.

வல்லரசு


விழுப்புரம்
20.8.2025

என் அண்ணாவுக்கு,

'எனக்குத் தேவையானது வந்துவிட்டது' என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எனக்கு ஒருத்தர் அப்படி எழுதியிருந்தால் நான் ஒரு வருடம் பேசியிருக்க மாட்டேன். நீ ஒன்பது நாளில் பதில் எழுதினாய்.

இதில் உன்னிடம் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். உன் சிவப்பு திரும்ப மஞ்சளாகும். அரகந்தர் திரும்ப மாட்டார் என்கிறது பௌத்தம். இந்த இடத்தில் இரண்டும் பொருந்தவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன். ஆனால் கீழே இருக்கிற இரண்டு படிகளில் நிற்பவர்களுக்குத் திரும்புதல் உண்டு. ஒரு படியின் பெயரே அதுதான். திரும்பியவரை அவர்கள் தோற்றவர் என்று எழுதவில்லை. வழியில் இருப்பவர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

உன் இனிப்பைப் பற்றி நான் சிரிக்கவில்லை.

எனக்கும் ஒன்று தெரிந்தது. கடைசிப் படியில் அறுகிற ஐந்து தளைகளில் ஒன்று மானம். நான் அதைக் கர்வம் என்று நினைத்திருந்தேன். 'நான் உயர்ந்தவன்' என்பது மட்டும் இல்லை, 'நான் சமமானவன்', 'நான் தாழ்ந்தவன்' என்று அளந்துகொள்வதும் மானம்தானாம். கடைசி வரிசையில் உட்கார்ந்து, இவர்கள் முன்னால் நான் என்ன பேச என்று வாயை மூடியிருந்தேனே, அதை அடக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நோட்டில் உன் விரலை ஸ்டிக்கரால் மறைத்தது என்ன என்றும் இப்போது தெரிகிறது. திரும்பாதவருக்கே அது மிச்சம் இருக்குமாம். எனக்கு இருப்பதில் ஆச்சரியமில்லை.

கூட்டம் செப்டம்பர் 14, மதியம் மூன்று மணி. ஒரு நாள் அனுமதி கேட்டுப் பார். வருவாயா?

இளவரசி


திண்டிவனம்
3.9.2025

பாப்பா,

மாசிலாமணி சாரிடம் கேட்டேன். கூட ஆள் வந்து கூட்டிக்கினு போய், திரும்பக் கொண்டாந்து விடணும் என்றார். அம்மாவும் நீயும் அதுக்காக அலையறது எனக்குப் பிடிக்கலை. இல்லம் மரக்காணம் ரோட்டில் இருக்கறதால, தனியா வந்தா திண்டிவனத்தில் பஸ் மாறணும். அந்தக் கடை அங்கேதான் இருக்கு. அதனால் வரவில்லை.

ஒன்று கேட்டுக்கறேன். என் பேரைச் சொல்லாதே. யாரோ ஒரு பேட்டரிக் கடைக்காரர் என்று சொல்லு. உன்னைப் பார்த்து நாளைக்கு யாரும், குடிகாரன் தங்கச்சி என்று சொல்லக் கூடாது.

இன்னொன்று, என்னை வெச்சு எந்தப் படியும் கட்டாதே. பன்னிரண்டு வருஷம் பார்த்திருக்கேன், ஈயம் தங்கமாகாது. கசடு போன ஈயம் ஈயமாத்தான் இருக்கும். ஆனால் அந்த ஈயத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகும்.

நல்லாப் பேசு. தண்ணி பாட்டில் பக்கத்தில் வெச்சுக்கோ. உனக்கு பயந்தா தொண்டை காயும், சின்ன வயசிலிருந்தே.

அண்ணன்


விழுப்புரம்
14.9.2025, ஞாயிறு மாலை

அண்ணா,

எங்கே இருக்கிறாய்? இல்லத்தில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் ஆள் இருக்க மாட்டார்கள் என்று அம்மா சொல்கிறாள். என்னால் உட்கார முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ செருப்புகள் கிடந்த வாசல் பக்கம் நின்றதை நான் பார்க்கவில்லை. நான் எதையுமே பார்க்கவில்லை. முப்பது நாற்காலியும் நிறைந்திருந்தது. கருப்பு முடிந்து வெள்ளைக்கு வந்ததும் தாள்கள் கையில் ஒட்டிக்கொண்டன. தொண்டை காய்ந்தது. இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, "வெள்ளைக்குப் பிறகு வருவது சிவப்பு" என்று படித்துவிட்டேன்.

"பாப்பா! மஞ்சள வுட்டுட்ட!"

எல்லாத் தலையும் திரும்பியது. இல்லத்தின் வெளிர்நீலச் சட்டையில் நீ. சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாய். அது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஜெயம் அக்கா, "யாருங்க நீங்க?" என்று கேட்டார். நீ மாடிப்படியைப் பார்த்து ஒரு கால் எடுத்து வைத்தாய். நீ என்னிடம் கேட்டுக்கொண்டதை நான் அப்போது மீறினேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

"அவரு எங்க அண்ணன். பேரு வல்லரசு. நான் இவ்ளோ நேரம் ஈயத்த பத்தி சொன்னதெல்லாம் அவரு எழுதுனது. மஞ்சள அவரே சொல்லட்டும்."

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்குத் தெரியாது.

நீ வந்து என் பக்கத்தில் நிற்கவில்லை, வாசலிலிருந்தே பேசினாய். "ஒண்ணும் இல்ல சார், கிளறிக்கினே இருக்கணும். ஜல்தி பண்ணா பேஜாராயிடும். மஞ்சளா இருக்கறப்ப உள்ள இன்னா நடக்குதுன்னு கிளறுறவனுக்கே தெரியாது. அதுக்காக வுட்டுட்டு போனா செவக்காது." முன் வரிசையில் சிரித்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சக்கரபாணி ஐயா எழுந்து, "கடைசியில தங்கம் வருமா தம்பி?" என்று கேட்டார். "வராது சார். ஈயம் சுத்தமாவும். அது போதாதுங்களா?" என்றாய். யாரும் சிரிக்கவில்லை. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் தாளைப் பார்க்கவே இல்லை. பௌத்தமும் புதிதாக எதையும் ஆக்கித் தருவதாகச் சொல்லவில்லை, கட்டியிருப்பது அறுகிறது, அவ்வளவுதான் என்று சொல்லி முடித்தேன். எனக்கு எழுதத் தெரியாத முடிவு அது. நீ கொடுத்தது.

நன்றி சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். உன் செருப்பு இல்லை. கூட யார் வந்தது என்று கேட்டேன். யாரும் வரவில்லை, தனியாகத்தான் ஏறி வந்தார் என்றார்கள்.

அண்ணா, திரும்பிப் போகும்போதும் திண்டிவனத்தில் பஸ் மாற வேண்டும். போய்ச் சேர்ந்தாயா?

இளவரசி


திண்டிவனம்
14.9.2025

பாப்பா,

நீ பயந்துக்கினு இருப்பன்னு தெரியும். அதனால் வந்ததும் எழுதறேன். நாளைக்குக் காலையில் மாசிலாமணி சார் உனக்குப் போன் செய்வார். ஆனாலும் இதை என் கையால் எழுதணும்.

காலையில் அவரிடம் போய், கூட ஆள் இல்லாம விடுங்க சார் என்று கேட்டேன். அவர் லீவு நோட்டை எடுத்து என் பேரை எழுதினார். அப்புறம், "மஞ்சள அந்தப் பொண்ணு வுட்டுட போவுது, போய்ட்டு வா" என்றார். நீ எழுதினதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

திரும்பும்போது திண்டிவனத்தில் அந்தக் கடை திறந்திருந்தது. உருக்கிக்கினுதான் இருந்தான். நாக்கு இனிச்சது. பொய் சொல்லலை, நல்லாவே இனிச்சது. நான் நகரலை, ஓடவும் இல்லை. இது கசடு, நான் இல்லைன்னு உன் கடிதத்தில் இருந்ததைச் சொல்லிப் பார்த்தேன். அது பாதிதான் வேலை செய்தது. பக்கத்தில் ஒரு அம்மா வேகவெச்ச மல்லாட்டை வித்துக்கினு இருந்தாங்க. ஒரு பொட்டலம் வாங்கி, உப்போடு ஒவ்வொரு கடலையா உரிச்சுத் தின்னேன். பொட்டலம் முடியறப்ப நாக்கில் உப்புதான் இருந்தது. மரக்காணம் பஸ் வந்தது, ஏறிட்டேன். நாளைக்கும் இனிக்கும். அதை நாளைக்குப் பார்த்துக்கறேன்.

என் பேரைச் சொல்லாதேன்னு சொன்னேன், சொல்லிட்ட. கோபப்படணும்னு பஸ் முழுக்க யோசிச்சேன். வரலை.

கேட்டில் வாட்ச்மேன் தேவா டார்ச் மாதிரி கண்ணை வெச்சுக்கினு எனக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தார். "யாரு கொண்டாந்து வுட்டது?" என்றார். யாரும் இல்லை என்றேன். "அதெல்லாம் ஆவாது, ரிஜிஸ்டர்ல எழுதணும்" என்று நோட்டைத் தள்ளினார். நீ நிரப்பின படிவம் மாதிரியே கட்டம் போட்டது. நானே பேனாவை வாங்கிக்கினேன்.

பெயர்: வல்லரசு. பொறுப்பாளர் என்று இருந்த கட்டத்திலும் வல்லரசு என்றே எழுதினேன். உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதறதுன்னு தேவாவுக்கும் தெரியலை. தலையைச் சொறிஞ்சார்.

இளவரசியின் அண்ணன் என்று எழுதிவிட்டு உள்ளே வந்தேன்.